வள்ளத்தில் பாரம் தூக்க ஒரு கப்பி போதுமா?



கிணற்றில் தண்ணீர் இறைத்த நமக்குக் கப்பி புதுசு இல்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன பாய்மரத் தோணிகளிலும் பாயை ஏற்ற இதே கப்பியும் கயிறும்தான் உதவின. பாய் வள்ளத்திலிருந்து ஐஸ் பெட்டியையோ மீன் கூடையையோ கரையேற்ற இடுப்பு ஒடியத் தூக்க வேண்டாம். இரண்டு கப்பி, நல்ல கயிறு, உறுதியான மரம் இருந்தால் நாமே அமைத்துக்கொள்ளலாம். ஆனால் கணக்குத் தெரியாமல் கட்டினால் ஆபத்து. இந்த மாதம் அந்தக் கணக்கைப் படிப்போம்.

ஒரு கப்பி: பெட்டி 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மேலே மரத்தில் ஒரு கப்பி மட்டும் கட்டினால், 60 கிலோ பலம் கொடுத்தே இழுக்கணும். குனிய வேண்டியதில்லை, அவ்வளவுதான் லாபம். 50 கிலோ எடையுள்ள நாம் கயிற்றில் தொங்கினாலும் பெட்டி எழும்பாது.

இரண்டு கப்பி: கயிற்றின் ஒரு நுனியை மேலே மரத்தில் கட்டுவோம். இரண்டாவது கப்பியைப் பெட்டியில் மாட்டுவோம். கயிறு அதன் அடியில் சுற்றி, மேல் கப்பி வழியாக நம் கைக்கு வரட்டும். இப்போது பெட்டியைக் கயிறு இரண்டு பக்கமும் தாங்குகிறது. அதனால் 30 கிலோ பலம் போதும். உராய்வுக்காகக் கொஞ்சம் கூடும். அதற்குப் பதிலாக, பெட்டி 1 மீட்டர் ஏற 2 மீட்டர் கயிறு இழுக்கணும்.

மேல் கட்டு: இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரு கப்பி என்றால் பெட்டியின் 60 கிலோவும் நம் இழுப்பு 60 கிலோவும் சேர்ந்து, மேல் கட்டில் 120 கிலோ விழும். இரண்டு கப்பி என்றால் 60-ம் 30-ம் சேர்ந்து 90 கிலோ. “60 கிலோதானே” என்று பழைய கயிற்றில் கட்டினால், அறுந்து தலையில் விழும்.

வள்ளம் சாயும்: பெட்டி தொங்கிய உடனே, அதன் எடை முழுவதும் மரத்தின் நுனியில் இருப்பது போல ஆகிவிடும். மரத்தை வெளியே நீட்டினால் வள்ளம் அந்தப் பக்கம் சாயும். அதனால் பெட்டியைத் தேவைக்கு மேல் உயர்த்தாமல், மெதுவாகத் திருப்பணும். அலை அடிக்கும்போது தூக்கவே வேண்டாம்.

மறக்கக் கூடாதவை:

• வெயிலில் நைந்த நைலான் கயிறு வேண்டாம். முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் பலம் குறையும்.
• கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். கட்டையில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்தால் பாரம் நழுவாது.
• தொங்கும் பாரத்தின் கீழ் யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.
• உப்புக் காற்றில் இரும்புக் கப்பி துருப்பிடிக்கும். கிரீஸ் தடவி வையுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்: நம் குழுவில் பாரம் தூக்கி இடுப்பு வலியால் அவதிப்படுகிறவர்கள் எத்தனை பேர்? குழுவுக்குப் பொதுவாக ஒரு ஜோடி கப்பியும் கயிறும் வாங்கினால் யார் பொறுப்பில் வைக்கலாம்? முதலில் கரையில் மணல் மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பிறகு வள்ளத்தில் கட்டுவோம்.