வரியும் ஏடும்: படவில்லைகளில் செப்பேட்டுப் பகுதிகளைப் பெருக்கிக் காட்டும் முறை

முன்னுரை

சீர்காழி சட்டைநாதர் கோயிலில் 2023 ஏப்ரலில், குடமுழுக்கையொட்டி யாகசாலை அமைக்க மண் தோண்டியபோது ஐம்பொன் திருமேனிகளுடன் நானூற்றுக்கும் மேற்பட்ட செப்பேடுகள் கிடைத்தன. அவற்றில் தேவாரப் பதிகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இத்தகைய மூலங்கள் கருத்தரங்க அவைக்குப் பெரும்பாலும் படவில்லை வழியாகவே அறிமுகமாகின்றன. ஏட்டை நேரில் காணாதவர்க்குத் திரையில் தெரிவதே சான்று. எனவே ஒரு வரியைப் பெருக்கிக் காட்டுதல் பாடத்தேர்வோடு தொடர்புடைய செயல் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சூழலின் இன்றியமையாமை

பழைய எழுத்துமுறையில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை; எகர ஏகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. ஆதலின் ‘எரி’, ‘ஏரி’ இரண்டும் ஒரே வடிவில் நிற்கும். காலும் ரகரமும் ஒத்த வடிவில் எழுதப்படும் இடங்களில் ‘பால்’, ‘பரல்’ என இருவகையாகப் படிக்க இயலும். இவற்றுள் எது பாடம் என்பதை முன்பின் சொற்களும் யாப்புமே முடிவுசெய்கின்றன. ஐயத்துக்குரிய சொல்லை மட்டும் வெட்டியெடுத்துத் திரை முழுதும் நிரப்பினால், அவையோர் ஆய்வாளரின் பாடத்தைச் சோதிக்கும் வாய்ப்பை இழக்கின்றனர். ஏடு முழுவதையும் சிறிய அளவில் ஓரத்தில் வைத்து, எடுத்த பகுதியைக் கட்டமிட்டுக் காட்டி, அதன் வரி முழுவதையும் அருகில் பெருக்கித் தருதலே தக்கது. வரி எண், பக்கம், அளவுகோல் ஆகியன உடனிருத்தல் வேண்டும்.

தெளிவின் எல்லை

அங்குலத்துக்கு 600 பிக்சல் அளவில் எடுத்த படத்தில் 1 செ.மீ. ஏறத்தாழ 236 பிக்சல் கொண்டது. அகலம் 1920 பிக்சல் உள்ள வில்லையை நிரப்ப ஏறக்குறைய 8 செ.மீ. நீளமுள்ள பகுதி தேவை. 3 செ.மீ. பகுதியில் 708 பிக்சல்களே உள்ளமையால், அதை வில்லை முழுதும் விரித்தால் மென்பொருள் எஞ்சியவற்றை இடைக்கணிப்பால் நிரப்புகிறது. செயற்கை நுண்ணறிவுக் கூர்மையாக்கம் இல்லாத கோட்டையும் ஊகித்து வரையக்கூடும். செம்பில் களிம்பு அரித்த குழி இவ்வாறு புள்ளியாகத் திரளலாம். மெலிந்த புள்ளி மறையலாம். ஆகவே சிறு பகுதியைக் காட்ட விரும்புவோர் அப்பகுதியை மட்டும் தனியே, அண்மையில், பக்கவாட்டு ஒளியில் மீண்டும் படமெடுத்தல் வேண்டும். பவர்பாயிண்ட் சேமிக்கும்போது படங்களை இயல்பாகவே சுருக்குவதால், விருப்ப அமைப்பில் அதனை முன்னரே நிறுத்திவிடல் நலம்.

ஒளிப்படத்தையும் மைப்படியையும் இணையாக வைப்பது மற்றொரு காப்பு. மைப்படியில் பொறித்த எழுத்து கருநிலத்தில் வெண்மையாகத் தோன்றும். குழியும் அவ்வாறே தோன்றும். ஒளிப்படத்திலோ உளியின் விளிம்பும் அரிப்பின் விளிம்பும் நிழலால் வேறுபடுகின்றன. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

முடிவுரை

பெருக்கிய படத்தில் செய்த திருத்தங்களை வில்லையிலேயே குறிப்பிடுதலும், திருத்தாத மூலப்படத்தைக் கேட்போர்க்கு வழங்க ஆயத்தமாயிருத்தலும் ஆய்வுநெறி. பதிப்பாசிரியர் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் தருவது போன்ற கடமையே இது. தேவாரம் போன்று ஓரெழுத்து மாறினும் பொருள் மாறும் நூல்களின் மூலங்களைக் காட்டும்போது இக்கடமை மேலும் வலுப்பெறுகிறது.