மானி காட்டுவது மெய்தானா?

காய்ச்சலைப் பார்க்கும் பாதரச வெப்பமானி உண்மையில் எதைக் காட்டுகிறது? பாதரச இழையின் நீளத்தை. அதை நாம் வெப்பநிலை என்று படிக்கிறோம். நீளத்திற்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பு மாறாத வரையில் இது சரி. தொடர்பு மாறிவிட்டால்? சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தச் சர்க்கரையை அளக்கும்போது இக்கேள்வி உயிரைப் பற்றிய கேள்வியாகிறது.

மூன்று மாதக் கணக்கு

இரத்தத்திலுள்ள குளுக்கோஸ், சிவப்பணுவின் ஹீமோகுளோபினோடு மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்கிறது. நீரிழிவு நோயாளிகளிடம் இவ்வகை ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதை ஈரான் நாட்டு சாமுவேல் ராபர் 1968இல் கண்டறிந்தார். இதன் சதவீதமே 'எச்.பி.ஏ.1சி'. சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழ்வதால், இது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையை உணர்த்துகிறது.

ஆனால் சிறுநீரகம் பழுதுற்றால் சிவப்பணுவின் ஆயுள் குறைகிறது. ஓர் எளிய கணக்குப் போடுவோம். எல்லா வயதுப் பணுக்களும் சம அளவில் கலந்திருப்பதால், 120 நாள் ஆயுளுக்குச் சராசரி வயது 60 நாட்கள். ஆயுள் 80 நாட்களானால் சராசரி வயது 40. சர்க்கரை ஒட்டுவதற்குக் கிடைக்கும் காலம் மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. எனவே 9 சதவீதம் காட்ட வேண்டிய சோதனை 6 என்று காட்டும்! நோயாளி நலமென்று எண்ணி ஏமாறலாம்.

சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஊசியாலும் இளம் பணுக்கள் பெருகி அளவு குறையும். மாறாக, இரும்புச்சத்துக் குறைவு அளவை உயர்த்திக் காட்டக்கூடும். பிழை இரு திசையிலும் வருவதால், ஒரே எண்ணைக் கூட்டியோ கழித்தோ திருத்த இயலாது.

விரல்நுனிச் சோதனை

வீட்டில் பயன்படும் சர்க்கரைமானியில், பட்டையிலுள்ள நொதி குளுக்கோஸுடன் வினைபுரிகிறது. அதனால் எழும் மின்னோட்டத்தையே கருவி அளக்கிறது. வயிற்றறை வழியாக டயாலிசிஸ் செய்துகொள்வோர் சிலருக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் என்னும் கரைசல் செலுத்தப்படும். அது உடலில் சிதைந்து மால்டோஸ் ஆகிறது. 'ஜி.டி.எச்.-பி.க்யூ.க்யூ.' என்னும் நொதி வகைப் பட்டைகளுக்கு மால்டோஸும் குளுக்கோஸும் ஒன்றுதான்! இல்லாத சர்க்கரையைக் கருவி இருப்பதாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உண்மைச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். மேலும், இன்சுலினை உடலிலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்திற்கும் பங்குண்டு. அது பழுதானால் இன்சுலின் நெடுநேரம் நின்று செயல்படும்; ஆபத்து இரட்டிப்பாகும். மால்டோஸ் போன்ற பிற சர்க்கரைகள் குறுக்கிட்ட 13 மரணங்கள் பற்றிய தகவல்கள் தனக்கு வந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரித்தது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதிப் பட்டைகளில் மால்டோஸ் இக்குழப்பத்தைச் செய்வதில்லை.

வழி என்ன?

சோதனையைக் கைவிடுவது வழியன்று. தகுந்த பட்டையால் அடிக்கடி அளப்பது, தொடர்ந்து அளக்கும் உணரிகளைப் பயன்படுத்துவது, ஆல்புமின் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது ஆகியவற்றை மருத்துவர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள். இரண்டு சோதனைகள் முரண்பட்டால் காரணம் தேடுவதே அறிவியல் முறை.

சிந்திக்க: சிவப்பணுவின் ஆயுள் 90 நாட்களானால், 8 சதவீதம் காட்ட வேண்டிய சோதனை எவ்வளவு காட்டும்? (விடை: 6 சதவீதம்.)