தம்பிக்கு நீர்ச் சுழற்சி சொல்லிக்கொடுங்கள்

மாணவர்களே, ஐந்தாம் ஆண்டில் படிக்கும் தம்பியோ தங்கையோ நீர்ச் சுழற்சிப் படத்தை எடுத்துக்கொண்டு உங்களிடம் வரலாம். "கடல்நீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகப் பெய்கிறது" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அந்த வரியை மனனம் செய்துவிட்டுப் படிவம் ஒன்றுக்கு வரும் பலர், சின்னக் கேள்வி ஒன்றில் தடுமாறுவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

மைலோ ஐஸ் குவளையின் வெளிப்புறத்தில் இருக்கும் நீர் எங்கிருந்து வந்தது?

"உள்ளேயிருந்து கசிந்தது" என்பார்கள். கசிந்திருந்தால் அது மைலோ நிறத்தில் இருக்க வேண்டாமா?

செய்து பாருங்கள்

ஒரு போத்தலில் ஐஸ் கட்டிகளைப் போட்டு இறுக மூடுங்கள். வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டுச் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 20 நிமிடம் கழித்து, துடைக்காமல் மீண்டும் நிறுத்துப் பாருங்கள். எடை சற்றுக் கூடியிருக்கும். கசிந்த நீராக இருந்தால் மொத்த எடை மாறாது. கூடிய எடை காற்றிலிருந்து வந்தது. காற்றில் இருந்த நீராவி, குளிர்ந்த போத்தலில் பட்டு நீர்த்துளியானது.

இரண்டு தவறான எண்ணங்கள்

முதலாவது, "நீர் கொதித்தால்தான் ஆவியாகும்." கொதிப்பது 100 பாகை செல்சியசில், நீர் முழுவதும் நடப்பது. ஆவியாதல் நீரின் மேற்பரப்பில் எந்த வெப்பநிலையிலும் நடக்கும். பள்ளித் திடலில் தேங்கிய மழைநீர் மாலைக்குள் காய்ந்துபோவதைக் காட்டுங்கள். அதை யாரும் கொதிக்க வைக்கவில்லையே!

இரண்டாவது, "மேகம் என்பது நீராவி." நீராவி கண்ணுக்குத் தெரியாது. நீர் கொதிக்கும் கெண்டியைச் சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். மூக்கை ஒட்டிய சிறு இடைவெளியில் ஒன்றும் தெரியாது. அங்கேதான் நீராவி உள்ளது. அதற்கு அப்பால் வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்து உருவான நுண்துளிகள். மேகமும் அப்படித்தான்: காற்றிலுள்ள தூசு, கடலுப்பு போன்ற துகள்களின்மேல் படிந்த நுண்துளிகளும், மிக உயரத்தில் பனிப்படிகங்களும் சேர்ந்த கூட்டம்.

படம் சொல்லாதது

படத்தில் கடலிலிருந்து மட்டும் அம்புக்குறி மேலே போகும். உண்மையில் ஆறு, மண், மரத்தின் இலைகள் ஆகியவையும் நீராவியை வெளிவிடுகின்றன. அந்த நீராவி சராசரியாக 9 நாள் காற்றில் இருக்கும். அதற்குள் காற்று அதை வெகுதூரம் கொண்டுபோய்விடும். ஆகவே, ஆவியான இடத்திலேயே மழை பெய்யும் என்பதில்லை.

இதனால் நமக்கு என்ன? 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீண்ட வறட்சி ஏற்பட்டது. கோல குபு பாரு அருகிலுள்ள சுங்கை சிலாங்கூர் அணையில் நீர்மட்டம் இறங்கி, கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. வாளி வாளியாக நீர் பிடித்து வைத்ததை அம்மாவிடம் கேளுங்கள். நகரத்தில் எவ்வளவு மழை கொட்டினாலும் அது கால்வாய் வழியே கடலுக்குப் போய்விடும். அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்தால்தான் அணை நிரம்பும். உலகில் உள்ள நீரின் அளவு குறைவதில்லை. நமக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் அது இருக்கிறதா என்பதே கேள்வி.

இந்த வாரச் சிந்தனை: நீர்ப்பிடிப்புப் பகுதியில் உள்ள காட்டை வெட்டிவிட்டால், தம்பியின் படத்தில் எந்தெந்த அம்புக்குறிகள் மாறும்? இருவரும் சேர்ந்து வரைந்து பாருங்கள்.