கல்லில் எழுதிய சந்தை

பதுளை மாவட்டத்தின் பழைய சந்தை ஒன்றைப் பார்க்க விரும்புவோர் பதுளை நகர நூலக வளவுக்குப் போக வேண்டும். அங்கே கடைகளும் இல்லை, மரக்கறிக் கூடைகளும் இல்லை. நான்கு பக்கமும் எழுத்துப் பொறித்த கற்றூண் ஒன்றுதான் நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஹோபிட்டிகம என்ற சந்தை ஊரில் நடைமுறையில் இருந்த சட்டங்களை அது சொல்கிறது. உயர்தர வகுப்பு மாணவியரான நாங்கள் ஆசிரியையுடன் அதைப் பார்க்கச் சென்றோம்.

மகியங்கனைக்கு அருகே சொரபொர குளப் பகுதியில் இருந்த இத்தூணை 1857 இல் ஜோன் பெய்லி என்ற பிரித்தானிய அதிகாரி கண்டறிந்தார். பின்னர் இது பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. இதில் பத்தாம் நூற்றாண்டுச் சிங்களத்தில் 203 வரிகள் உள்ளன. பேராசிரியர் செனரத் பரணவிதான இதை ஆராய்ந்து பதிப்பித்தார்.

இச்சட்டங்கள் பிறந்த கதை சுவையானது. உதய மன்னன் மகியங்கனைக்கு வந்தபோது, ஹோபிட்டிகம வணிகரும் குடிமக்களும் அவனிடம் முறையிட்டனர். அதிகாரிகள் முன்னைய விதிகளை மீறித் தங்களிடம் முறையற்ற வரி அறவிடுகிறார்கள் என்பதே அவர்களின் குறை. மன்னன் அதைக் கேட்டு விதிகளைக் கல்லில் பொறிக்கச் செய்தான்.

ஊரைக் கடந்து மட்டும் செல்லும் பொருளுக்குச் சுங்கம் வாங்கக் கூடாது. அங்கீகாரம் பெறாத அளவைகளால் அளக்கக் கூடாது. வெற்றிலை, பாக்கை அவற்றுக்குரிய கொட்டகைகளில்தான் விற்க வேண்டும். போயா நாளில் வியாபாரம் கூடாது. மீறுவோர் விகாரை விளக்குக்கு எண்ணெய் கொடுக்க வேண்டும். முதலாவது விதி அதிகாரியைக் கட்டுப்படுத்துகிறது, மற்றவை வியாபாரியைக் கட்டுப்படுத்துகின்றன. நேர்மை இரு தரப்புக்கும் பொது என்பதே இதன் சிறப்பு.

அளவை பற்றிய விதி என் மனதைத் தொட்டது. என் வாப்பா சந்தையில் மரக்கறி விற்பவர். இன்று அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் வியாபாரிகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை இடுகிறது. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அடிப்படை. வாப்பாவின் தராசிலும் அந்த முத்திரை உண்டு. "முத்திரை தராசுக்குத்தான் மகள், கைக்கு இல்லை" என்பார் அவர்.

வடஆபிரிக்காவின் பெஸ், தூனிஸ் நகரங்களின் பழைய சந்தைகளில் நிறையையும் தரத்தையும் கவனிக்க முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்தார். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருந்ததைக் கண்டு விற்பவரைக் கண்டித்த நிகழ்வை நாம் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். அல்குர்ஆனின் 83 ஆவது அத்தியாயத்தின் பெயரே அளவில் மோசடி செய்வோரைக் குறிக்கிறது.

ஊவாவில் நிறுவை எல்லோருடைய வாழ்விலும் கலந்தது. வெலிமடை விவசாயியின் உருளைக்கிழங்கு மூட்டையும், தோட்டத்துப் பெண்ணின் கொழுந்துக் கூடையும் தராசில் ஏறிய பிறகுதான் பணமாகின்றன. சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கூடுதலாக ஒரு கிலோ கழித்தால், அது ஒரு வீட்டின் சோற்றிலிருந்து கழிகிறது. அதைக் கேட்கத் தயங்குபவர்கள் பலர். ஹோபிட்டிகம மக்கள் தயங்கவில்லை. அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து கேட்டதால்தான் அந்தக் கல் உண்டானது.

தங்கைமாரே, நூலகத்துக்குப் போகும் நாளில் அந்தத் தூணையும் ஒருமுறை பாருங்கள். பெற்றோரே, பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். எழுத்துத் தேய்ந்திருந்தாலும் அது சொல்லும் நியாயம் தேயவில்லை.