கப்பல் ஏன் மூழ்குகிறது?

சிறிய இரும்பு ஆணி ஒன்றை நீரில் இட்டால், அது உடனே அடியில் சென்று தங்கிவிடும். ஆனால், பல்லாயிரம் டன் எடையுள்ள எஃகுக் கப்பல் கடலில் மிதந்து செல்கிறது. சிறிய ஆணி மூழ்கப் பெரிய கப்பல் மிதப்பது எவ்வாறு? மிதக்கும் கப்பலும் சில வேளைகளில் மூழ்கிவிடுவது ஏன்? இவ்வினாக்களுக்கு இப்பாடத்தில் விடை காண்போம்.

நீரின் மேல்நோக்கு விசை

கிணற்றில் நீர் இறைப்பவர் ஒன்றை நன்கு அறிவர். வாளி நீருக்குள் இருக்கும்வரை எளிதாக மேலே வரும். நீரைவிட்டு வெளியே வந்ததும் கனக்கத் தொடங்கும். நீர் தன்னுள் இருக்கும் பொருளை மேல்நோக்கித் தள்ளுவதே இதற்குக் காரணம். இதனை மேல்நோக்கு விசை என்பர். ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்நீரின் எடைக்குச் சமமான விசை அப்பொருளை மேலே தள்ளுகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிராகூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடிஸ் இவ்வுண்மையைக் கண்டறிந்தார்.

ஆணியும் கிண்ணமும்

ஒரு லிட்டர் நீரின் நிறை 1 கிலோகிராம். அதே பருமனுள்ள இரும்பின் நிறை ஏறத்தாழ 7.8 கிலோகிராம். ஆகவே, ஆணி விலக்கும் நீரின் எடை, ஆணியின் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். அவ்விசை ஆணியைத் தாங்கப் போதாது, ஆணி மூழ்குகிறது.

எவர்சில்வர் கிண்ணமோ நீரில் மிதக்கிறது. அதன் குழிவான வடிவமும் உள்ளே நிறைந்த காற்றும் மிகுதியான நீரை விலக்க உதவுகின்றன. கிண்ணத்தின் நிறை 100 கிராம் என்றும், அதன் கொள்ளளவு 400 மில்லிலிட்டர் என்றும் கொள்வோம். விளிம்புவரை அமிழ்ந்தால் அது ஏறத்தாழ 400 கிராம் நீரை விலக்கும். எனவே, 300 கிராமுக்குக் குறைவான சுமையை அது தாங்கும். அதற்கு மேல் ஏற்றினால், விளிம்பைத் தாண்டி நீர் உள்ளே புகும், கிண்ணம் மூழ்கும். கப்பலும் இத்தகைய பெரிய கிண்ணமே.

உயிர் காத்த கோடு

19ஆம் நூற்றாண்டில், பொருளாசையால் அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய கப்பல்கள் கடலில் மூழ்கின. மாலுமிகள் பலர் உயிரிழந்தனர். இக்கொடுமையை எதிர்த்து இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் போராடினார். அதன் பயனாக, கப்பலின் பக்கவாட்டில் சுமைக்கோடு வரையவேண்டும் என 1876இல் சட்டம் இயற்றப்பட்டது. இன்றும் சரக்குக் கப்பல்களில் அக்கோட்டைக் காணலாம். அது நீருக்குள் மறையும் அளவுக்குச் சரக்கேற்றுதல் கூடாது.

உப்புக் கலந்த கடல்நீர், ஆற்றுநீரைவிட அடர்த்தி மிகுந்தது. ஆதலால், வங்கக் கடலிலிருந்து ஊக்ளி ஆற்றின் வழியே கொல்கத்தாத் துறைமுகம் நோக்கிச் செல்லும் கப்பல், ஆற்றுநீரில் சற்றுத் தாழ்ந்து மிதக்கும். இதனால், நன்னீருக்கெனத் தனிக்குறியும் கப்பலில் இடப்படுகிறது.

டைட்டானிக் தரும் பாடம்

1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, டைட்டானிக் என்னும் கப்பல் வட அட்லாண்டிக் பெருங்கடலில் பனிப்பாறை ஒன்றின்மீது மோதியது. அக்கப்பலின் அடிப்பகுதி தடுப்புச் சுவர்களால் 16 அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முன்பக்கத்தில் நான்கு அறைகள் நிரம்பினாலும் அது மிதக்கும். ஆனால், அன்று நான்குக்கும் மேற்பட்ட அறைகளில் நீர் புகுந்தது. காற்று இருந்த இடத்தை நீர் நிரப்பியதால் கப்பலின் எடை கூடியது, முன்பகுதி தாழ்ந்தது. தடுப்புச் சுவர்கள் போதிய உயரம் இல்லாமையால், அவற்றின் மேலாக அடுத்தடுத்த அறைகளிலும் நீர் வழிந்தது. மூன்று மணி நேரத்திற்குள் கப்பல் முழுவதும் மூழ்கியது. 1500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கப்பலில் இருந்த அனைவருக்கும் போதுமான உயிர்காப்புப் படகுகள் அதில் இல்லை.

கப்பலுக்குரிய விதியே சிறு படகுக்கும் உரியது. ஆற்றிலோ ஏரியிலோ படகில் செல்லும்போது, அளவுக்கு மேல் ஆட்கள் ஏறியிருந்தால் அதில் ஏறாதீர்கள். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகு கவிழும். உயிர்காப்பு உடையை மறவாமல் அணியுங்கள். நீரின் விதி எவருக்காகவும் மாறுவதில்லை. அதனை அறிந்து நடப்பவரே பாதுகாப்பாகக் கரை சேர்வர்.

சொற்பொருள்

விசை – தள்ளும் அல்லது இழுக்கும் ஆற்றல்
பருமன் – ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு
மாலுமி – கப்பலில் பணிபுரிபவர்
மாண்டனர் – இறந்தனர்

பயிற்சி

1. இரும்பு ஆணி மூழ்குவதற்கும் கப்பல் மிதப்பதற்கும் காரணம் யாது?
2. சுமைக்கோடு எதற்காக வரையப்படுகிறது?
3. கொள்ளளவு 500 மில்லிலிட்டரும் நிறை 150 கிராமும் உடைய கிண்ணத்தில் 400 கிராம் மணலை இட்டால் அது மிதக்குமா? கணக்கிட்டு எழுதுக.
4. பிரித்து எழுதுக: இவ்வுண்மை, தனிக்குறி.
5. ஒரு களிமண் உருண்டையை நீரில் இடுக. பின் அதையே கிண்ணமாக வனைந்து மிதக்கவிடுக. கண்டதை ஐந்து வரிகளில் எழுதுக.