கிறிஸ்துமஸுக்குள் செடி சிவக்க...

கிறிஸ்துமஸ் சமயத்தில் நர்சரிகளில் சிவப்பாக நிற்குமே, அதுதான் பாயின்செட்டியா. சொந்த ஊர் மெக்சிகோ. சிவப்பா தெரியுறது பூ இல்லீங்க, இலை! நடுவில் மஞ்சளாகக் குட்டி குட்டியாக இருப்பதே பூ.

இந்தச் செடி இரவின் நீளத்தை அளக்கிறது. நீண்ட இருட்டு கிடைத்தால்தான் மொட்டு விடும். ராத்திரியில் டியூப்லைட் எரிந்தால் பச்சையாவே நின்னுடும்.

செய்முறை:

1. அக்டோபர் முதல் வாரம் தொடங்குங்கள்.
2. மாலை 6 முதல் காலை 8 வரை அட்டைப்பெட்டியால் மூடுங்கள். 14 மணி நேரம் இருட்டு!
3. பகலில் ஜன்னலோர வெளிச்சத்தில் வையுங்கள்.
4. 8 முதல் 10 வாரம் ஒருநாளும் விடக்கூடாது. நடுவில் லைட் போட்டு எட்டிப் பாக்காதீங்க!

இலை நன்றாகச் சிவந்ததும் பெட்டி வேண்டாம்.

கவனம்: ஒடித்தால் வரும் பால் கையில் பட்டால் உடனே கழுவுங்கள்.