பயிர்களின் வேற்றுமையை இயற்கை காத்துவரும் விதம்

விதைக்கென்று கதிர் பொறுக்கும் குடியானவர், மணி முற்றிய கதிர்களை ஒதுக்கிவைத்து, பதர் மிகுந்தவற்றைக் கழித்துவிடுகிறார். ஆண்டுதோறும் இவ்வாறு செய்துவந்தால், காலக்கிரமத்தில் வயல் முழுவதும் ஏறக்குறைய ஒரே சாயலை அடைந்துவிடும். எவரும் உழுது விதைக்காத காட்டிலும் புறம்போக்கிலும் இதற்கொப்பான தேர்வு ஒன்று இடைவிடாமல் நடந்துவருகிறது. சூழ்நிலைக்குப் பொருந்திய செடி மிகுதியாக விதை விடுகிறது. பொருந்தாதது குறைவாக விடுகிறது. சார்லஸ் டார்வின் 1859-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரித்துரைத்த இயற்கைத் தேர்வு என்பது இதுவே.

இங்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. சிறந்ததையே இயற்கை தேர்ந்தெடுக்குமாயின், காட்டுச் செடிகள் யாவும் நெடுங்காலத்துக்கு முன்பே ஒரே வகையாகியிருக்க வேண்டுமல்லவா? ஆனால் ஒரே இனச் செடிகளைக் கூர்ந்து நோக்கினால், பூக்கும் காலத்திலும், நோயைத் தாங்கும் திறத்திலும், வறட்சியைப் பொறுக்கும் ஆற்றலிலும் ஒன்றுக்கொன்று வேறுபடுவதைக் காணலாம். இவ்வேற்றுமைகளிற் பல, செடியின் விதை வழியே இறங்கும் பரம்பரைக் கூறுகளால் உண்டாவன. இக்காலத்தில் இவை மரபணுக்கள் எனப்படும். தாய் தந்தையின் குணங்கள் பாலும் நீரும்போல் கலந்து மறைவதில்லை என்றும், தனித்தனிக் கூறுகளாகவே சந்ததிக்குச் செல்கின்றன என்றும் கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு கண்டறிந்து 1866-இல் வெளியிட்டார். தேர்வு நடந்தும் இக்கூறுகளின் வேற்றுமை அழியாமல் நிற்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் மூன்று இங்கு விளக்கப்படுகின்றன.

1. இடமும் பருவமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஹார்லன், மார்ட்டினி என்னும் இரு விஞ்ஞானிகள் 1925-ஆம் ஆண்டில் ஒரு சோதனையைத் தொடங்கினர். வாற்கோதுமையில் 11 வகைகளைச் சம அளவில் கலந்து, அக்கலவையை வெவ்வேறு சீதோஷ்ணமுள்ள 10 இடங்களில் விதைக்கச் செய்தனர். ஒவ்வோர் இடத்திலும் விளைந்ததை அப்படியே அறுத்து, அதிலிருந்தே மறு ஆண்டுக்கு விதை எடுக்கப்பட்டது. மனிதர் எவ்விதத் தேர்வும் செய்யவில்லை. சில ஆண்டுகளுக்குள் நியூயார்க் மாகாணத்து இத்தாக்காவில் மஞ்சூரியா என்னும் வகை மேலோங்கியது. ஓரிகான் மாகாணத்து மோரோவில் ஒயிட் ஸ்மிர்னா என்பது ஓங்கியது. கலிபோர்னியாவின் டேவிஸில் கோஸ்ட், ட்ரெபி என்னும் வகைகள் முன்னின்றன. முடிவுகள் 1938-இல் வெளியாயின.

ஓர் இடத்தில் வென்றது மற்றோர் இடத்தில் தோற்றது என்பதே இதன் சாரம். எங்கும் எப்பொழுதும் சிறந்தது என்று ஒரு வகை இல்லை. ஆதலால் ஒவ்வொரு வயலிலும் சில வகைகள் குறைந்துபோயினும், தேசம் முழுவதையும் நோக்குங்கால் பல வகைகள் நிலைபெறுகின்றன. பருவ மாறுதலும் இவ்வாறே துணைசெய்கிறது. வறட்சி ஆண்டில் ஒரு வகையும் மழை மிகுந்த ஆண்டில் மற்றொரு வகையும் செழிக்கும். விதை பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக்கிடக்கும் இயல்புள்ள செடிகளில், ஓராண்டு தோற்ற வகையும் அடியோடு அழியாமல், தனக்கேற்ற பருவம் வந்ததும் மீண்டும் முளைத்தெழுகிறது.

2. நோயும் அரிய வகையும்

ஓர் இடத்திற்குள்ளேயே வேற்றுமையைக் காக்கும் காரணங்களுள் நோய் முக்கியமானது. வடக்கு டகோட்டாவில் ஃப்ளோர் என்பவர் 1940-களில் ஆளிச் செடியையும் அதைத் தாக்கும் துரு நோய்ப் பூசணத்தையும் ஆராய்ந்தார். செடியிலுள்ள ஒவ்வோர் எதிர்ப்புக் கூறுக்கும் ஈடாகப் பூசணத்திலும் ஒரு கூறு உண்டென்று அவர் கண்டார். பூட்டுக்குச் சாவிபோல இவை அமைந்துள்ளன.

ஒரு பூட்டையே எல்லா வீடுகளிலும் மாட்டினால், அதற்குரிய சாவியைப் பெற்ற கள்வன் ஊர் முழுவதையும் கொள்ளையிடுவான். அவ்வாறே, ஒரு வகைச் செடி மிகுதியாகப் பெருகும்பொழுது, அதைத் தாக்கவல்ல பூசணமும் உடன் பெருகுகிறது. அப்பொழுது எண்ணிக்கையில் குறைந்த வேறு வகை, நோய்க்குத் தப்பி மிகுதியாக விதை விடுகிறது. அது பெருகியபின் அதற்குரிய பூசணம் தோன்ற, வேறொன்று மேலெழுகிறது. மிகுதியாயிருப்பதே குறையாகவும், அரிதாயிருப்பதே அனுகூலமாகவும் ஆகிவிடுவதால், எந்த வகையும் முற்றும் வெல்வதில்லை. எதுவும் எளிதில் அழிவதுமில்லை. ஆஸ்திரேலியாவில் வளரும் காட்டு ஆளிச் செடிகளில் இப்போராட்டம் நடப்பதைத் த்ரால், பர்டன் ஆகியோர் ஆராய்ந்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். எதிர்ப்பு மிகுந்த செடிக் கூட்டங்களில் வலிய பூசணம் மிகுந்திருந்தது. ஆனால் அவ்வலிய பூசணம் குறைவான வித்துகளையே உண்டாக்கிற்று. ஆகையால் பூசணத்திலும் ஒரே வகை எங்கும் ஆதிக்கம் பெற இயலவில்லை.

3. மகரந்தமும் சூல்முடியும்

முள்ளங்கிச் செடி தன் மகரந்தத்தால் தானே கருவுறுவதில்லை. சூல்முடி தனக்குரிய அடையாளத்தையே கொண்ட மகரந்தத்தை ஏற்காமல் தள்ளிவிடுகிறது. இவ்வடையாளங்கள் பல வகைப்படும். பலரிடமும் உள்ள அடையாளத்தைத் தாங்கிய மகரந்தம் பல பூக்களில் தள்ளப்படும். அரிய அடையாளமுள்ளதோ ஏறக்குறைய எல்லாப் பூக்களிலும் இடம் பெறும். எனவே அரியது பெருகிக்கொண்டே வந்து, பொதுவானதாக ஆனபின் நிற்கிறது.

நியூ மெக்சிகோவின் ஆர்கன் மலைகளில் மட்டும் வளரும் ஈனோதீரா என்னும் செடியினம் ஒன்றில், செடிகளின் தொகை 1000-க்கு மேற்படாதென்று மதிக்கப்பட்ட காலத்திலேயே, ஸ்டெர்லிங் எமர்சன் என்பவர் இத்தகைய 45 அடையாளக் கூறுகளைக் கண்டார். இத்தனை சிறிய கூட்டத்தில் இத்தனை வேற்றுமை நிலைத்திருப்பதற்குரிய கணக்கை ஸீவல் ரைட் 1939-இல் ஆராய்ந்து எழுதினார்.

வேற்றுமை குன்றியபொழுது

அயர்லாந்து தேசத்து ஏழை ஜனங்கள் லம்பர் என்னும் ஒரே உருளைக்கிழங்கு வகையைப் பெரிதும் நம்பியிருந்தனர். கிழங்கையே நட்டுப் பயிரிட்டமையால், அவ்வகைச் செடிகள் யாவும் ஒன்றின் படிவங்களாகவே இருந்தன. 1845-இல் கருகல் நோய் புகுந்தபொழுது அதைத் தாங்கவல்ல செடி வயலில் இல்லை. குத்தகைக் கொடுமையும் அரசாங்க உதவியின் குறைவும் கூடவே, அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். அத்தொகைக்குக் குறையாதோர் தேசத்தைவிட்டு வெளியேறினர்.

இதற்கு எதிரான சான்று நெற்பயிரில் உண்டு. புகையான் பூச்சியால் பரவி, பயிரைக் குட்டையாக்கிப் புல்போல் தூர்விடச் செய்யும் வைரஸ் நோய், ஆசியாவின் நெல் வயல்களைத் தாக்கியது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 6000-க்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தனர். போதிய எதிர்ப்பு, உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த காட்டு நெல் ஒன்றிலேயே கிடைத்தது. அதன் குணத்தைச் சேர்த்து உண்டாக்கிய ஐ.ஆர். 36 நெல் 1976-இல் வெளிவந்து, பல தேசங்களில் பயிராயிற்று. சென்னை மாகாண அரசாங்கத்தால் 1927-இல் மலபாரிலுள்ள பட்டாம்பியில் நிறுவப்பெற்ற நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பி.டி.பி. 33 என்னும் நெல்லும், புகையானை எதிர்க்கும் குணத்துக்காகப் பிற தேசத்து ஆராய்ச்சியாளர்களாலும் கையாளப்பட்டது. விலையில்லாததென்று எண்ணப்பட்ட குட்டைக்கரைப் புல்லும் பழைய நாட்டு நெல்லும் இவ்வாறு உணவைக் காத்தன.

சங்கங்கள் கவனிக்க வேண்டியவை

கலப்பு நெல்லுக்கு மண்டியில் விலை குறையும் என்று அங்கத்தினர்கள் ஆட்சேபிப்பது நியாயமே. ஆயின் வேற்றுமையைக் காப்பது விதையைக் கலப்படம் செய்வதாகாது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 1998, 1999-ஆம் ஆண்டுகளில், குலை நோய்க்கு எளிதில் இரையாகும் பசை நெல்லை, நோயைத் தாங்கும் நெல்லின் வரிசைகளுக்கிடையே தனி வரிசையாக நட்டனர். தனித்துப் பயிரிட்டபொழுது இருந்ததைவிட, பசை நெல்லில் குலை நோயின் கடுமை 94 சதவிகிதம் குறைந்தது. அதன் மகசூல் 89 சதவிகிதம் உயர்ந்தது. வரிசை வேறாக இருந்தமையால் இரு நெல்லையும் தனித்தனியே அறுக்கவும் முடிந்தது.

சங்கங்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம்.

(அ) விதைக் கிடங்கில் ஒரே நெல்லை மட்டும் நிரப்பாமல், வெவ்வேறு வழியில் வந்த மூன்று நான்கு வகைகளையேனும் தனித்தனிச் சாக்கில் தூய்மையாக வைத்து அங்கத்தினருக்கு வழங்குதல்.

(ஆ) ஓர் ஊர் ஆயக்கட்டு முழுவதும் ஒரே வகை நடப்படாதவாறு, நடவுக்கு முன் கூட்டத்தில் கலந்து முடிவுசெய்தல்.

(இ) கைவிடப்படும் நாட்டு வகைகளைச் சில சென்ட் நிலத்திலாவது ஆண்டுதோறும் பயிரிட்டு, முளைப்புத் திறன் கெடாமல் விதையைப் புதுப்பித்துவருதல்.

(ஈ) எவ்வாண்டில், எந்நோயில், எவ்வகை தாங்கியது என்பதைச் சங்கப் பதிவேட்டில் குறித்துவைத்தல்.

இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். புதிய நோய் வரும் ஆண்டில் விதைக்கு எங்கே போவது என்று அங்கத்தினர் திகைக்குங்கால், கிடங்கிலுள்ள தனிச் சாக்குகளும் பதிவேட்டின் பழைய பக்கங்களுமே அவர்களுக்கு வழிகாட்டும்.